எவ்வளவு ஏறினால் கட்டுபடியாகும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரத்திலிருந்து மனை பார்க்கக் கிளம்பும் வேன்களில் மதியச் சாப்பாடு இலவசம். செங்கல்பட்டைத் தாண்டியதும் ஒரு வாக்கியமும் இலவசமாகக் கிடைக்கும்: “ரெண்டே வருஷம் சார், டபுள்!” வேனில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். சிலர் அங்கேயே அட்வான்ஸும் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வாக்கியத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு வருடத்தில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு 41.4 சதவீத வளர்ச்சி. அதே வேகத்தில் 20 வருடம் போனால் விலை பத்து முறை இரட்டிக்கும். அதாவது 1,024 மடங்கு. இன்று 10 லட்சத்துக்குப் போகும் மனை 102 கோடி ரூபாயைத் தாண்டியிருக்க வேண்டும். எந்த ஊரிலும் எந்த மண்ணும் இப்படித் தொடர்ந்து ஏறியதில்லை. புரோக்கர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கோ ஒரு மனை, ஏதோ ஒரு இரண்டு வருடத்தில் இரட்டித்திருக்கலாம். அந்த ஒன்றை வைத்து அடுத்ததற்கு விலை சொல்கிறார், அவ்வளவுதான்.

இதைவிட நம்பிக்கையூட்டும் கதை ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும். “1995-ல் ஒரு லட்சத்துக்கு வாங்கின மனை. இப்ப முப்பது லட்சம்.” முப்பது வருடத்தில் முப்பது மடங்கு! கேட்டவுடன் காதில் தேன் பாயும். கூட்டு வட்டிக் கணக்கில் இது ஆண்டுக்குச் சரியாக 12 சதவீதம். நல்ல வளர்ச்சிதான், மாயமில்லை. முப்பது மடங்கு என்று சொன்னால் வாய் பிளக்கும் மனிதர், 12 சதவீதம் என்று சொன்னால் சீட்டுக் கம்பெனியையும் மியூச்சுவல் ஃபண்டையும் ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்.

அந்த 12 சதவீதத்துக்குள் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. 1995-ல் வாங்கியபோது அது பெரும்பாலும் ஊருக்கு வெளியே கிடந்த புஞ்சை. ஏக்கர் கணக்கிலும் சென்ட் கணக்கிலும் பேசிய நிலம், பிறகு கிரவுண்ட் கணக்குக்கு வந்தது. சாலை வந்தது, மின்சாரம் வந்தது. சென்னை தரமணியில் 2000-ல் டைடல் பார்க் திறந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலையோரத்துக் கிராமங்களுக்கு நேர்ந்தது போல, வேலைவாய்ப்பும் தேடி வந்தது. புஞ்சை மனையாக மாறும் அந்த ஒரு பாய்ச்சல் ஒரு நிலத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். பாய்ச்சல் முடிந்த பிறகு அங்கே அடுக்குமாடி எழும்புகிறது. இன்றைய நடுத்தரக் குடும்பம் வாங்குவது அந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டை.

பாய்ச்சல் முடிந்த நிலம் எப்படி வளரும் என்பதற்கு உலகத்தில் மிக நீண்ட பதிவு ஒன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ஹெரன்ஹ்ராக்ட் என்ற கால்வாய்க் கரை வீடுகள் 17-ம் நூற்றாண்டிலிருந்தே பணக்கார வியாபாரிகளின் முகவரி. அதே வீடுகள் திரும்பத் திரும்பக் கைமாறிய விலைகளைப் பழைய பதிவேடுகளிலிருந்து திரட்டி, 1628 முதல் 1973 வரையிலான விலைக் குறியீட்டை உருவாக்கினார் டச்சுப் பொருளாதார நிபுணர் பீட் ஐக்ஹோல்ட்ஸ். ஊரிலேயே சிறந்த தெரு, 345 வருடம். பணவீக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் விலை ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகியிருந்தது. ஆண்டுக்கு 0.2 சதவீதம். அமெரிக்காவைப் பற்றி இதே போன்ற ஆய்வைச் செய்தவர் 2013-ல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஷில்லர். 1890-லிருந்து நூறு வருடம், பணவீக்கம் போக, வீட்டு விலை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது என்பது அவர் கண்டது.

ஆம்ஸ்டர்டாம் வேறு, ஆதம்பாக்கம் வேறு என்று சொல்லலாம். நியாயம்தான். இங்கே மக்கள்தொகையும் வருமானமும் நகரமும் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. நாளைய விலையை இந்த ஆய்வுகள் சொல்லப்போவதும் இல்லை. கணிதத்தாலும் அதைச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட கணிதத்தால் முடியும். ‘எவ்வளவு ஏறும்?’ என்பது ஜோசியக் கேள்வி. ‘எவ்வளவு ஏறினால் எனக்குக் கட்டுபடியாகும்?’ என்பது கணக்கு. அதற்கு விடை உண்டு.

போட்டுப் பார்ப்போம். வேளச்சேரிப் பக்கம், கட்டிச் சில வருடமான இரண்டு படுக்கையறை வீடு ஒன்று. 1,000 சதுர அடி, விலை ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே கைமாறிய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, சாவி கைக்கு வரும்போது செலவு 1 கோடியே 9 லட்சம். வாடகை மாதம் 25,000. வருடத்துக்கு 3 லட்சம். பராமரிப்பு, சொத்து வரி, பெயிண்ட், ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் ஒரு மாதம் எல்லாம் சேர்த்து 60,000 போனால் கையில் நிற்பது 2 லட்சத்து 40 ஆயிரம். போட்ட பணத்துக்கு 2.2 சதவீதம். மாத வாடகை வீட்டு விலையில் ஒரு சதவீதமாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்க முதலீட்டாளர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அதன்படி இந்த வீட்டுக்கு ஒரு லட்சம் வாடகை கேட்க வேண்டும்! வாடகைக்கு வருபவர் வாசலிலேயே திரும்பிவிடுவார்.

வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறட்டும். வாங்கியவர் பத்து வருடம் வைத்திருந்து விற்கிறார். வீட்டுக் கடன் வட்டியான 8.5 சதவீதமாவது அந்தப் பணம் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. 1 கோடியே 9 லட்சம் அந்த வீதத்தில் பத்து வருடத்தில் 2 கோடியே 46 லட்சமாகும். வந்த வாடகையையும் அதே வீதத்தில் வளர்த்தால் 43 லட்சம். மீதி 2 கோடியே 3 லட்சம் விற்பனையிலிருந்து கைக்கு வர வேண்டும். விற்கும்போது தரகும் மற்றதும் 2 சதவீதம், லாபத்தின் மீது 12.5 சதவீத வரி. எல்லாம் கழிந்து அந்தத் தொகை நிற்க வேண்டுமானால் வீடு 2 கோடியே 21 லட்சத்துக்கு விலை போக வேண்டும். வருடா வருடம் எட்டேகால் சதவீத ஏற்றம், பத்து வருடமும் விடாமல். வாடகை வருமானத்துக்கான வரியை இதில் சேர்க்கவே இல்லை.

எட்டேகால் சதவீதம் முடியாத காரியமா? அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். அடுக்குமாடியில் ஏறுவது நிலம். கட்டடம் ஏறுவதில்லை, பழசாகிறது. இந்த வீட்டுக்கு 450 சதுர அடி யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப்பங்கு இருக்கிறது, அதன் மதிப்பு 55 லட்சம், கட்டடம் 45 லட்சம் என்று கொள்வோம். தேய்மானத்தைக் கட்டுமானச் செலவின் ஏற்றம் ஈடுகட்டிவிடும் என்று தாராளமாகவே நினைத்தால், பத்து வருடம் கழித்தும் கட்டடம் அதே 45 லட்சம். அப்படியானால் 55 லட்ச நிலம் 1 கோடியே 76 லட்சமாக வேண்டும். ஆண்டுக்கு 12.3 சதவீதம்!

முப்பது வருடத்தில் முப்பது மடங்கு ஏறிய மனையின் வேகத்தைவிடச் சற்று அதிகம் இது. புஞ்சை மனையானபோது கிடைத்த பாய்ச்சலை, பாய்ச்சல் முடிந்துபோன ஒரு தெருவில் இந்த வீடு எதிர்பார்க்கிறது. ரிசர்வ் வங்கி அப்போது பத்து நகரங்களின் பத்திரப்பதிவு விவரங்களை வைத்து வெளியிட்டு வந்த வீட்டு விலைக் குறியீடு, 2024-25 கடைசிக் காலாண்டில் ஓராண்டில் ஏறியது 3.1 சதவீதம். பத்திரத்தில் எழுதும் விலைக்கும் கைமாறும் விலைக்கும் உள்ள உறவு நாடறிந்தது என்பதால் இந்த எண்ணையும் அப்படியே விழுங்கத் தேவையில்லை. இருந்தாலும் 3.1 எங்கே, எட்டேகால் எங்கே?

யூ.டி.எஸ். எவ்வளவு என்று கேட்காமல், மாடுலர் கிச்சனைப் பார்த்து மயங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அதே ஒரு கோடிக்கு நிலப்பங்கு 300 சதுர அடிதான் என்றால், அந்தச் சின்னத் துண்டு இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும்.

குடியிருக்க வாங்குபவர் இந்த எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆணியடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்ற நிம்மதிக்கு அவர் ஒரு விலை கொடுக்கிறார். அது அவர் இஷ்டம். முதலீடு என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது வீடு வாங்குபவருக்குத்தான் இந்தக் கணக்கு.

சதுர அடியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வேறொரு வீட்டுக்கு, 1,000 சதுர அடி, சதுர அடி 7,000 என்று விளம்பரம். அது ‘சூப்பர் பில்டப்’ அளவு. மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் ஒரு பங்கு சேர்ந்தது. 30 சதவீதம்தான் பொது இடத்துக்குப் போகிறது என்பார் விற்பவர். சுவருக்குள் கால் வைக்கக்கூடிய கார்ப்பெட் ஏரியா 700 சதுர அடி. கொடுத்த 70 லட்சத்தை 700-ஆல் வகுத்தால் சதுர அடி 10,000. அந்த 30 சதவீதத்தையும் 700-லிருந்து பார்த்தால் 43 சதவீதம்! எதை நூறாக வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பதில்தான் சாமர்த்தியம். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவைத்தான் சொல்ல வேண்டும் என்கிறது. புரோக்கரின் வாய்க்குச் சட்டம் இன்னும் போய்ச் சேரவில்லை.

கடன் வாங்கினால் கணக்கு இன்னும் சுவாரசியம். 75 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை 65,087. முதல் மாதத் தவணையில் 53,125 ரூபாய் வட்டிக்குப் போகும். அசலில் கழிவது 11,962. ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டினால் 39 லட்சம் கட்டியிருப்பார். கடன் இன்னும் 66 லட்சம் நிற்கும். பாதிக் கடனைத் தாண்டுவது 166-வது தவணையில், கிட்டத்தட்ட பதினான்காவது வருடம் முடியும் நேரத்தில். வருடத்துக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டினால் மூன்றரை வருடம் மிச்சமாகும். போனஸ் வந்த மாதத்தில் டிவி வாங்குவதா, தவணை கட்டுவதா என்று வீட்டில் நடக்கும் விவாதத்துக்கு இந்த ஒரு எண் போதும்.

வட்டி மாறும்போது என்ன நடக்கும் என்பதைக் கடன்காரர்கள் சமீபத்தில்தான் அனுபவித்தார்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. 6.75 சதவீதத்தில் 75 லட்சம் வாங்கி, மாதம் 57,027 கட்டி வந்தவருக்கு ஒரு வருடத்தில் வட்டி 9.25 ஆகிறது என்று வையுங்கள். மிச்சமிருக்கும் 73 லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 56,400 ரூபாய். அதே தவணையைக் கட்டினால் அசலில் கழிவது 630 ரூபாய் சொச்சம். அந்த வேகத்தில் கடன் தீர நாற்பத்தொன்பது வருடமாகும். தவணை மாறவில்லை என்று நிம்மதியாக இருந்த பலருக்குக் கடன் காலம் சத்தமில்லாமல் நீண்டது இப்படித்தான். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட வேண்டி வந்தது. 2025-ல் ரெப்போ மளமளவென்று இறங்கியது. ஆனால் இருபது வருடக் கடன் இன்னும் எத்தனை ஏற்றங்களைப் பார்க்குமோ.

கணக்கை மட்டுமே நம்பி விழுந்தவர்களும் இருக்கிறார்கள். விழுந்தவர் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் 2006 முதலே கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கணினி மூலம் விலை கணித்துச் சொல்லி வந்தது. 2018-ல் அதே கணிப்பின் துணையோடு தானே வீடுகளை வாங்கி விற்க இறங்கியது. 2021-ன் மூன்றாம் காலாண்டில் மட்டும் 9,680 வீடுகளை வாங்கியது, விற்றது 3,032. வாங்கிய விலைக்கு விற்க முடியாது என்று தெரிந்தபோது 30 கோடி டாலருக்கு மேல் நஷ்டமாக எழுதியது. நவம்பரில் தொழிலை மூடுவதாக அறிவித்தது. ஊழியர்களில் கால்வாசிப் பேரை வெளியே அனுப்பியது.

சூத்திரம் மோசமாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. சராசரியில் சரியாகவே கணிக்கும் சூத்திரம்கூட இந்தத் தொழிலில் நஷ்டம் தரும். நூறு வீட்டுக்கு விலை சொல்கிறீர்கள். ஐம்பதுக்குக் கொஞ்சம் கூட, ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைய. குறைத்துச் சொன்ன வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டிச் சொன்னவர்கள்தான் கையெழுத்துப் போடுவார்கள். குழாய் ஒழுகுவதும் பக்கத்து வீட்டுத் தகராறும் வீட்டுக்காரருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கடலடி எண்ணெய் வயல் ஏலங்களில் ஜெயித்த கம்பெனிகள் ஏன் நஷ்டப்படுகின்றன என்று ஆராய்ந்த மூன்று அமெரிக்கப் பொறியாளர்கள் 1971-லேயே இதை எழுதிவைத்தார்கள். வென்றவருக்கு வந்த சாபம் என்று அதற்குப் பெயர். நம்மூர் வங்கி ஏலத்தில் பத்துப் பேர் கேட்ட வீட்டை ஒருவர் எடுக்கிறார் என்றால், மற்ற ஒன்பது பேரும் அவ்வளவு பெறாது என்று நினைத்திருக்கிறார்கள். கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

வரியிலும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, அதிகம் பேர் போட்டுப் பார்க்காத கணக்கு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்தையோ வீட்டையோ விற்கும் இந்தியவாசிக்கு இரண்டு வழி: பணவீக்கக் குறியீட்டால் வாங்கிய விலையை உயர்த்திக் காட்டி 20 சதவீதம், அல்லது உயர்த்தாமல் 12.5 சதவீதம். 2010-11-ல் 20 லட்சத்துக்கு வாங்கியவர் 2025-26-ல் விற்கிறார். குறியீடு 167-லிருந்து 376 ஆகிவிட்டதால் 20 லட்சம் 45 லட்சமாகக் கணக்கில் வரும். 60 லட்சத்துக்கு விற்றால் பழைய வழியில் வரி 3 லட்சம், புதிய வழியில் 5 லட்சம். ஒரு கோடிக்கு விற்றால் பழைய வழியில் 11 லட்சம், புதிய வழியில் 10 லட்சம். இரண்டும் சமமாகும் புள்ளி சுமார் 86 லட்சத்து 70 ஆயிரம். ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறிய சொத்துக்குப் புதிய வழி லாபம். அதற்குக் குறைந்தால் பழையது.

இத்தனை கணக்கையும் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுவிடும் ஒரு ஏற்பாடு தமிழ்நாட்டில் தலைமுறைகளாக இருக்கிறது: ஒத்தி. சில ஊரில் போக்கியம், சென்னையில் ‘லீஸ்’. மாதம் 8,000 வாடகை போகும் வீட்டை 8 லட்சம் ஒத்திக்கு எடுத்தால் வாடகை கிடையாது, கொடுத்த பணத்துக்கு வட்டியும் கிடையாது. காலம் முடிந்ததும் முழுப் பணமும் திரும்பி வரும். வருட வாடகை 96,000-ஐ 8 லட்சத்தால் வகுத்தால் 12 சதவீதம். வங்கி டெபாசிட்டில் 7 சதவீதம் வாங்கும் குடித்தனக்காரருக்கு இது லாபம். வெளியில் 18 சதவீதத்துக்குக் கடன் வாங்க வேண்டிய வீட்டுக்காரருக்கும் லாபம். தொகை 12 லட்சமாக ஏறினால் விகிதம் 8 சதவீதமாக இறங்கிவிடும். 16 லட்சம் கேட்டால் 6 சதவீதம், டெபாசிட்டிலேயே போட்டுவிட்டு வாடகைக்கு இருக்கலாம். பேரம் எங்கே முறிய வேண்டும் என்பது இரு தரப்புக்கும் விரல் நுனியில் இருக்கும்.

அந்தக் கணக்கில் விட்டுப்போவது ஒன்றுதான். பணம் திரும்பி வராமல் போக வருடத்துக்கு நூற்றில் ஐந்து வாய்ப்பு இருந்தாலே 12 சதவீதம் 7 சதவீதமாகிவிடும். டெபாசிட்டுக்கும் ஒத்திக்கும் வித்தியாசமே இல்லை. நூறு வீட்டில் பரவலாக ஒத்திப் பணம் போட்டவருக்கு இது சராசரி. இருப்பதையெல்லாம் ஒரே வீட்டில் கொடுத்த குடும்பத்துக்குச் சராசரி என்று எதுவும் கிடையாது. முழுசாக வரும், அல்லது முழுசாகப் போகும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்தால் ஒத்திக்காரர் வரிசையில் பின்னால்தான் நிற்பார். 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-வது பிரிவு, நூறு ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எட்டு லட்ச ரூபாய் ஒத்திகள் பல இன்றும் பதிவாகாத முத்திரைத்தாளில்தான் கையெழுத்தாகின்றன. வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்க ஆகும் செலவோ சில நூறு ரூபாய்.